உள்ளங்காலும் உடற்சமநிலையும்

மனிதன் இரு காலில் நிமிர்ந்து நிற்பதை ஒரு செயலாக எவரும் எண்ணுவதில்லை. நடப்பது செயல், ஓடுவது செயல், நிற்பதோ ஓய்வு என்பதே பொதுவான எண்ணம். உண்மை அதுவன்று. நிற்கும் மனிதனின் உடல் ஒரு கணமேனும் அசையாதிருப்பதில்லை. முன்னும் பின்னும், வலமும் இடமும் அது நுண்ணிதாக ஆடிக்கொண்டேயிருக்கின்றது. ஒவ்வோர் ஆட்டத்தையும் உணர்ந்து, உரிய தசையை உரிய நேரத்தில் இறுக்கியும் தளர்த்தியும், உடலை நடுநிலைக்கு மீட்கும் வேலை இடையறாது நடைபெறுகின்றது. அவ்வேலை செவ்வனே நடைபெறும்வரை அதனை எவரும் அறிவதில்லை. அது பிழைக்கும்போதுதான் அப்படியொரு வேலை நடந்துவந்ததே தெரியவருகின்றது.

அது பிழைக்கும் இடங்களுள் மிகப் பொதுவானது கணுக்கால். படியில் இறங்கும்போதோ, மேடு பள்ளமான தரையில் ஓடும்போதோ, விளையாட்டு மைதானத்தில் துள்ளி விழும்போதோ பாதம் உட்புறமாக மடிகின்றது. கணுக்காலின் வெளிப்புறம் வீங்குகின்றது. சுளுக்கு என்று கூறிக் கட்டுப் போடுகின்றனர். சில வாரங்களில் வீக்கம் வற்றி, வலியும் தணிகின்றது. பலருக்குக் கதை அத்துடன் முடிந்துவிடும். ஆனால் ஒரு பகுதியினருக்கு அது முடிவதில்லை. அதே கால் மீண்டும் மீண்டும் மடிகின்றது. சமதரையில் நடக்கும்போதுகூடக் கால் எப்போது கைவிடுமோ என்னும் அச்சம் அவர்களை விட்டு நீங்குவதில்லை. வைத்தியர் சோதித்துப் பார்த்தால் எலும்பு முறிந்திராது. மூட்டும் பல வேளைகளில் தளர்ந்திராது. உறுதியான கால் ஏன் உறுதியாக நிற்க மறுக்கின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டு நீளமுடையது. அது பேர்லின் நகர வைத்தியர் ஒருவரிடமிருந்து அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட மைதானம்வரை செல்கின்றது. அதன் அண்மைக்கால அத்தியாயம் மிக எளிய பொருள் ஒன்றைப் பற்றியது. கடைகளில் ‘இன்சோல்’ என்று கேட்டு வாங்கப்படும் சப்பாத்தின் உள்ளடித் தட்டே அப்பொருள். வழக்கமாக வழுவழுப்பாக இருக்கும் அத்தட்டின் மேற்பரப்பைச் சிறு சிறு புடைப்புக்கள் கொண்டதாகச் செய்தால், நிலையற்ற கணுக்காலுக்கு நிலை கிடைக்குமா என்று ஆராய்ச்சியாளர் வினவினர். கேள்வி சிறிதாயினும், அதனைக் கேட்கும் நிலைக்கு வர அறிவியலுக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என ஐம்பொறிகளைப் பற்றிய அறிவு மிகத் தொன்மையானது. ஆனால் தன் உடலின் உறுப்பு எவ்விடத்தில் எவ்வாறு இருக்கின்றது என்பதை உடலே உணரும் ஓர் உணர்வு உண்டென்பது பிற்காலத்திலேதான் தெளிவாயிற்று. இலண்டன் நகரில் உடற்கூற்றாராய்ச்சி செய்த சேர் சாள்ஸ் பெல், 1826ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், மூளைக்கும் தசைக்கும் இடையே ஒரு நரம்பு வட்டம் உண்டென்று எடுத்துக் காட்டினார். மூளையின் கட்டளை ஒரு நரம்பு வழியே தசைக்குச் செல்கின்றது. தசையின் நிலைமை மற்றொரு நரம்பு வழியே மூளைக்குத் திரும்புகின்றது. செல்லும் வழி மட்டும் இருந்து திரும்பும் வழி இல்லையாயின் அசைவு ஒழுங்குபடாது. இக்கருத்தே பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

திரும்பும் வழி அடைபட்டால் மனிதன் என்னாவான் என்பதை உலகுக்குக் காட்டியவர் பேர்லினில் வாழ்ந்த மொறிற்ஸ் ஹைன்றிக் றொம்பேர்க். நரம்பு நோய்களைப் பற்றி 1840 முதல் 1846 வரை அவர் வெளியிட்ட பெருநூல் மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். அக்காலத்தில் முண்ணாணின் பின்பகுதி நலிந்துபோகும் ஒரு கொடிய நோய் ஐரோப்பாவிற் பரவலாகக் காணப்பட்டது. மேகநோயின் முதிர்ந்த விளைவே அஃது என்பது பின்னாளில் நிறுவப்பட்டது. அந்நோயாளரின் தசைகளில் வலுவிருக்கும். எனினும் அவர்கள் இருட்டில் நடக்க அஞ்சுவர். முகம் கழுவக் கண்ணை மூடினால் தடுமாறுவர். றொம்பேர்க் அவர்களை இரு பாதங்களையும் சேர்த்து நிற்கச் செய்து, கண்களை மூடுமாறு பணித்தார். கண் திறந்திருக்கும்வரை நின்றவர், மூடியவுடன் ஆடி விழலாயினர்.

எளிமையான இச்சோதனை இன்றும் உலகெங்கும் வைத்தியசாலைகளில் அவர் பெயராலேயே செய்யப்பட்டு வருகின்றது. அது கற்பிக்கும் பாடம் ஆழமானது. மனிதனின் சமநிலை மூன்று ஊற்றுக்களிலிருந்து செய்தி பெறுகின்றது. கண் ஒன்று, உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று, தோல், தசை, மூட்டு ஆகியவற்றிலிருந்து எழும் உடலுணர்வு மூன்றாவது. மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றையவை அதன் பாரத்தைச் சுமக்கின்றன. றொம்பேர்க் கண்ட நோயாளருக்குக் காலிலிருந்து வரும் செய்தி அற்றுப்போயிற்று, கண்ணே ஊன்றுகோலாயிற்று. கண்ணை மூடியபோது அவ்வூன்றுகோலும் பறிபோயிற்று.

செய்தி அனுப்பும் நுண்ணுறுப்புக்கள் எவை என்று கண்டறிவது அடுத்த படியாக அமைந்தது. இத்தாலியின் பிஸ்ற்றோயா நகரில் மருத்துவ மாணவராக இருந்த பிலிப்போ பச்சினி, 1831இல் ஒரு கையை அறுத்து ஆராயும்போது, நரம்புகளின் ஓரத்தில் சிறு மணிகள்போன்ற உருக்களைக் கண்டார். 1852இல் ஜேர்மனியின் கேற்றிங்கன் நகரில் கியோர்க் மைஸ்னர் என்னும் இளைஞரும் அவருடைய ஆசிரியர் வாக்னரும் விரல் நுனித் தோலில் வேறொரு வகை நுண்ணுறுப்பை விவரித்தனர். மேர்க்கெல், றுபினி ஆகியோர் அந்நூற்றாண்டு முடிவதற்குள் வேறு வகைகளைச் சேர்த்தனர். அதிர்வை அறிவது ஒன்று, மெல்லிய தொடுகையை அறிவது ஒன்று, நிலைத்த அழுத்தத்தை அறிவது ஒன்று, தோல் இழுபடுவதை அறிவது ஒன்று எனத் தோல் பலவகைக் காவலரைக் கொண்டது. உள்ளங்கையில் உள்ள இக்காவலர் உள்ளங்காலிலும் உளர்.

இவ்வறிவையெல்லாம் ஒரே கோவையாக்கியவர் இங்கிலாந்தின் சேர் சாள்ஸ் ஷெரிங்டன். தசைக்குச் செல்லும் நரம்பிலும் கணிசமான பகுதி உணர்வு நரம்பே என்பதை அவர் 1894இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். லிவர்பூலிற் பேராசிரியராக இருந்தபோது, 1906இல், நரம்புத் தொகுதியின் ஒருங்கிணைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. வெளியுலகை அறியும் உணர்வுகளிலிருந்து வேறாக, உடல் தன் நிலையைத் தானே அறியும் உணர்வுக்கு அந்நூலில் அவர் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் அதனைத் தன்னிலையுணர்வு எனலாம். 1932இல் அவருக்கும் எட்கர் ஏட்றியனுக்கும் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்துணை அறிவு திரண்டிருந்தும், சாதாரணக் கணுக்காற் சுளுக்கின்மேல் அதன் ஒளி உடனே விழவில்லை. சுளுக்கு என்பது கயிறு அறுவது போன்ற ஒரு பொறியியற் சேதம் என்றே கருதப்பட்டது. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்து நிற்பவை மூன்று பிணைநார்கள். பாதம் உட்புறம் மடியும்போது அவற்றுள் முன்னே உள்ளதுதான் பெரும்பாலும் முதலிற் சேதமுறுகின்றது. அறுந்தது பொருந்தினால் கால் குணமாகும். பொருந்தாவிட்டால் கால் தளரும். இதுவே வழக்கமான கணக்கு. பொருந்திய பின்னும் மடிகின்ற காலுக்கு இக்கணக்கில் இடமில்லை.

அக்கணக்கைத் திருத்தியவர் இலண்டனைச் சேர்ந்த மைக்கல் பிறீமன். பின்னாளிற் செயற்கை முழங்கால் மூட்டுக்களை உருவாக்கியதன் மூலம் பெரும்புகழ் பெற்ற இச்சத்திரசிகிச்சை நிபுணர், 1965இல் தம் துணைவர் இருவருடன் வெளியிட்ட கட்டுரை கணுக்கால் வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று. அவர் நோயாளரை ஒற்றைக் காலில் நிற்கச் செய்தார். கண் திறந்தும் மூடியும் நிற்கச் சொன்னார். சுளுக்கிய காலில் நிற்பது பலருக்கு மற்றக் காலில் நிற்பதிலும் கடினமாக இருந்தது. றொம்பேர்க்கின் சோதனையே ஒற்றைக் காலுக்குச் சுருங்கி வந்தது எனலாம்.

பிறீமன் தந்த விளக்கம் இதுவாகும். பிணைநார் வெறும் கயிறு அன்று. அதனுள்ளே உணர்வு நரம்பின் நுனிகள் உள்ளன. நார் இழுபட்டுக் கிழியும்போது நரம்பு நுனிகளும் கிழிகின்றன. நார் பொருந்திவிடலாம்; செய்தி பொருந்துவதில்லை. பாதம் மடியத் தொடங்கியதை மூளைக்கும் தசைக்கும் அறிவிக்கும் தூதன் தாமதிக்கின்றான். தசை விழித்தெழும் முன்னர் கால் மடிந்துவிடுகின்றது. 1967இல் பிறீமனும் பரி வைக்கும் பூனைகளிற் செய்த பரிசோதனைகள், கணுக்கால் மூட்டின் நரம்புச் செய்தி கெடும்போது காற் தசைகளின் அனிச்சைச் செயலும் மாறுவதைக் காட்டின.

நோய்க்கு விளக்கம் மாறியதால் மருந்தும் மாறிற்று. அடியில் வளைந்த கட்டையோ அரைக்கோளமோ பொருத்திய பலகைமீது நோயாளரை நிற்கப் பழக்கினார் பிறீமன். ஆடும் பலகையில் ஆடாமல் நிற்கப் பழகியோருக்குப் பின்னர் கால் மடிதல் குறைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1985இல், சுவீடன் தேசத்தில் ஹான்ஸ் றொப் என்பவரும் துணைவரும் உதைபந்தாட்டக்காரருக்கு இவ்வகைப் பயிற்சி அளித்து, முன்பு கணுக்காற் சேதமுற்றோர் மீண்டும் சுளுக்குறுவது குறைவதைக் கண்டனர். இன்றும் உடற்பயிற்சி வைத்தியத்தில் ஆடும் பலகைக்கு இருக்கும் இடம் அவ்வாறு வந்ததேயாகும்.

எனினும் அறிவியலில் ஒரு விளக்கம் வெற்றி பெற்றவுடன் அதனைச் சோதிப்பவரும் தோன்றுகின்றனர். 1993இல் டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் கொன்றாட்சனும் துணைவரும் நலமான மனிதரின் கணுக்காற் பிணைநார்களை ஊசிமருந்தால் மரக்கச் செய்தனர். பிறீமனின் கருத்து முழுவதும் சரியானால், மரத்த காலில் நிற்பது தடுமாற்றமாக இருக்கவேண்டும். ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலின் ஆட்டம் பெரிதும் மாறவில்லை. பிணைநாரின் செய்தி நின்றுபோன வேளையிலும் வேறெவையோ அவ்விடத்தை நிரப்பின. அவை யாவை? தசைகள் ஒன்று. மற்றொன்று, மனிதன் நாள்தோறும் மிதித்துக்கொண்டே மறந்துவிடும் அவனது உள்ளங்காற் தோல்.

உள்ளங்காலின் பங்கை அறிய ஆராய்ச்சியாளர் பல உபாயங்களைக் கையாண்டனர். 1990இல் சுவீடனின் லுண்ட் நகரில் மக்னூசன் என்பவரின் குழுவினர் பாதங்களைக் குளிரால் மரக்கச் செய்து பார்த்தனர். நிற்போரின் ஆட்டம் மிகுந்தது. 1998இல் பிரான்சின் மார்செய் நகரில் கவுனூடியாசும் றோலும் நிற்போரின் உள்ளங்காலில் நுண்ணிய அதிர்வை ஊட்டினர். பாதத்தின் முற்பகுதி அதிர்ந்தபோது உடல் பின்னே சாய்ந்தது. குதிக்கால் அதிர்ந்தபோது முன்னே சாய்ந்தது. முற்பாதத்தில் அழுத்தம் மிகுந்தால் உடல் முன்னே சரிகின்றது என்றே மூளை பொருள் கொள்கின்றது. ஆகவே பின்னே இழுக்கின்றது. இவ்வாறு உள்ளங்கால் உடலின் சாய்வைக் காட்டும் ஒரு வரைபடம்போல் அமைந்திருப்பது வெளிப்பட்டது.

2002இல் கனடாவைச் சேர்ந்த கெனடியும் இங்கிலிசும் இன்னும் நெருங்கிச் சென்றனர். சுவீடனில் 1960களில் உருவான ஒரு முறையைப் பின்பற்றி, முழங்காலின் பின்புறத்தில் நரம்பினுள்ளே மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தி, உள்ளங்காலின் தனித்தனி உணர்வுறுப்புக்கள் அனுப்பும் செய்திகளை அவர்கள் கேட்டறிந்தனர். 104 உறுப்புக்களை அவர்கள் இனங்கண்டனர். கையில் அவை விரல் நுனியிற் செறிந்திருக்க, காலில் பாதமெங்கும் பரவியிருந்தன. பாதத்தின்மேல் பாரம் இல்லாதபோது அவை மௌனமாயிருந்தன. அழுத்தம் மாறும்போது பேசுவனவே அவற்றுட் பெரும்பான்மை. நிற்கும் கலைக்கு இதனிலும் பொருத்தமான அமைப்பைக் கற்பனை செய்தல் அரிது.

இவ்விடத்திற்றான் சப்பாத்து வரலாற்றினுள் நுழைகின்றது. முள்ளிலும் கல்லிலும் வெப்பத்திலும் குளிரிலும் இருந்து பாதத்தைக் காப்பது சப்பாத்து. அதன் நன்மையை எவரும் மறுக்கார். ஆனால் பாதத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு திரையை இடுவதும் அதுவே. இறப்பரும் பஞ்சும் தடிக்கத் தடிக்கத் தரை தரும் செய்தி மங்குகின்றது. கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஸ்டீவன் றொபின்ஸ் என்னும் வைத்தியர் 1980களிலும் 1990களிலும் இக்கருத்தை வலியுறுத்தி வந்தார். மெத்தென்ற அடியுடைய நவீன சப்பாத்து பாதத்தின் நிலையறியும் ஆற்றலைக் குறைக்கின்றது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பெரும் வாதத்தை எழுப்பிற்று.

திரையை அகற்ற இயலாவிடின், அத்திரையையே பேசச் செய்யலாகாதா? இதற்கு ஒரு முன்னோடி யப்பானில் இருந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வற்றனாபே, ஒக்குபோ ஆகிய இருவரும் சிறு குண்டுகள் பரப்பிய தட்டின்மேல் மனிதரை நிற்கச் செய்து, வழுவழுப்பான தட்டிலும் அதன்மேல் உடலாட்டம் குறைவதைக் கண்டிருந்தனர். ஒரே சீரான தட்டைத் தரை தோலின் எல்லாப் பகுதியையும் ஒன்றுபோல் அழுத்துகின்றது. புடைப்புள்ள தரையோ தோலைப் பல புள்ளிகளில் மிகுதியாக அழுத்தியும் இழுத்தும், சிறு சாய்வையும் பெரிய செய்தியாக்குகின்றது.

இத்தத்துவத்தைச் சப்பாத்தினுள் கொண்டுவந்து கணுக்காலுடன் பிணைத்தவர்கள் அவுஸ்திரேலியாவின் கோடன் வாடிங்டனும் றொஜர் அடம்சும் ஆவர். அவர்கள் அமைத்த கருவி எளிமையானது. அதன்மேல் நிற்பவர் நேரே நோக்கியபடி, தம் பாதத்தை உட்புறமாகச் சாய்ப்பார். ஒரு தடை அதனை நிறுத்தும். தடையின் இடம் ஒவ்வொரு முறையும் சில பாகையளவு வேறுபடும். பாதம் எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கண்ணாற் பாராமலே அவர் கூறவேண்டும். சுளுக்கின்போது பாதம் எத்திசையில் மடிகின்றதோ அத்திசையிலேயே அதன் கூர்மையை அளக்கும் சோதனை இது.

2003இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் முதற்றர உதைபந்தாட்ட வீராங்கனையர் 17 பேர் பங்குபற்றினர். வெறுங்காலில் அவர்களின் கூர்மை நன்றாயிருந்தது. காலுறையும் உதைபந்தாட்டச் சப்பாத்தும் அணிந்தபோது அது குறைந்தது. சப்பாத்தின் வழுவழுப்பான உள்ளடித் தட்டை எடுத்துவிட்டுப் புடைப்புள்ள தட்டை இட்டபோது, கூர்மை வெறுங்காலின் நிலைக்கு மீண்டது. சப்பாத்து எடுத்துக்கொண்டதைச் சப்பாத்தே திருப்பித் தந்தது. பின்னர் இதே ஆராய்ச்சியாளர் வேறு துணைவருடன் அவுஸ்திரேலிய பலே நடனப் பள்ளியின் இளம் மாணவரிடையேயும் இத்தகைய தட்டுக்களைச் சோதித்து, கணுக்காலின் தன்னிலையுணர்வு மேம்படுவதைக் கண்டனர்.

இளையோருக்கு விளையாட்டு எவ்வளவோ, முதியோருக்கு விழாமை அதனினும் பெரிது. வயது ஏற ஏற உள்ளங்காலின் உணர்வு மழுங்குகின்றது. ரொறன்ரோ நகரில் பிறையன் மக்கியும் குழுவினரும் 1999இல் உள்ளங்காலின் விளிம்பைச் சுற்றி ஒரு புடைப்பான வரம்பை வைத்து ஆராய்ந்தனர். உடல் விளிம்புக்குச் சரியும்போது அவ்வரம்பு தோலை அழுத்தி எச்சரிக்கின்றது. வயலுக்கு வரப்பு எவ்வாறோ பாதத்துக்கு அது அவ்வாறு. அக்குழுவைச் சேர்ந்த பெரி முதலியோர் 2008இல், பாத உணர்வு ஓரளவு குறைந்த 65 முதல் 75 வயதுவரையான 40 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, வரம்புள்ள தட்டை அணிந்தோரின் பக்கவாட்டு நிலைபேறு மேம்பட்டது. நாட்சென்றும் அப்பயன் மங்கவில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிரிப்ளாற்றா, கொலின்ஸ் முதலியோர் 2003இல் காலால் உணரமுடியாத அளவு மெல்லிய அதிர்வை ஊட்டும் தட்டுக்களால் முதியோரின் ஆட்டத்தைக் குறைத்துக் காட்டினர்.

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், புடைப்புள்ள தட்டு ஒன்றே போதும், கணுக்காற் கவலை தீர்ந்தது என்று முடிவு செய்தல் கூடும். ஆனால் வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் வில்சன் முதலியோர் நடுவயதுப் பெண்களிடம் இவ்வகைத் தட்டுக்களைச் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அதனிலும் வியப்பளிப்பது 2012இல் மக்கியன், ஹேட்டல் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு. நீண்டகாலமாக நிலையற்றிருக்கும் கணுக்காலை உடையோரையே அவர்கள் நேராக ஆராய்ந்தனர். புடைப்புள்ள தட்டின்மேல் நின்றபோது அவர்களது சமநிலை மேம்படவில்லை, மாறாகக் குறைந்தது.

யாருக்காக இத்தட்டு வேண்டப்பட்டதோ அவர்களுக்கே அது இடையூறாவானேன்? காரணம் காலில் மட்டுமன்று, மூளையிலும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நெடுநாள் பொய்யுரைத்த தூதனை அரசன் நம்பாதொழிவது இயல்பு. நிலையற்ற கணுக்காலை உடையோர் ஒற்றைக் காலில் நிற்கும்போது மற்றவரிலும் மிகுதியாகக் கண்ணையே நம்புகின்றனர் என்பதைப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை 2016இல் காட்டிற்று. அத்தகையோருக்குக் காலிலிருந்து திடீரென மிகுதியான செய்தி எழும்போது, அது வழிகாட்டும் குரலாகாமல் வெறும் இரைச்சலாகிவிடக்கூடும். செய்தியைப் பெருக்குவது ஒரு வேலை. அச்செய்தியை மூளை மீண்டும் நம்பக் கற்பது மற்றொரு வேலை. முன்னதைத் தட்டுச் செய்யலாம். பின்னதைப் பயிற்சிதான் செய்யவேண்டும்.

எனினும் உள்ளங்காலைத் தூண்டும் வழி வீண் என்று இதனாற் கொள்ளலாகாது. மக்கியனும் விக்ஸ்றோமும் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு வார காலத்துள் சில முறை உள்ளங்காலைக் கையால் ஐந்து நிமிடம் உருவிவிட்டதே, நிலையற்ற கணுக்காலை உடையோர் ஒற்றைக் காலில் நிற்பதற்கு உதவிற்று. நிற்கும் வேளையில் காலின்கீழ்ப் புடைப்பை வைப்பது ஒன்று. முன்னதாகவே தோலை எழுப்பிவிட்டுப் பின் நிற்பது வேறு. இரண்டும் ஒரே பயன் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. அது தமிழ்நாட்டின் வேலூரிலிருந்து எழுந்தது. கொல்லிமலையில் 1914இற் பிறந்த ஆங்கிலேயரான டொக்டர் போல் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். அந்நோயாளரின் விரல்களும் பாதங்களும் தேய்வது நோய் நேரே தின்பதால் அன்று. வலியை உணராத உறுப்பு காயத்தை அறியாது மீண்டும் மீண்டும் சேதமுறுவதாலேயே என்பதை அவர் நிறுவினார். ஆகவே உணர்வற்ற பாதத்துக்கு மிருதுவான நுண்துளை இறப்பரில் அடியமைத்த செருப்புக்கள் அங்கு செய்யப்பட்டன. 1966இல் அமெரிக்கா சென்ற பின்னர், அதே அறிவை அவர் நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் பயன்படுத்தினார்.

வேலூரின் செருப்பும் அவுஸ்திரேலியாவின் தட்டும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. ஒன்று அழுத்தத்தைப் பரப்பித் தணிக்கின்றது. மற்றொன்று அழுத்தத்தைப் புள்ளிகளாகக் குவிக்கின்றது. எது நன்று என்பது தட்டைப் பொறுத்ததன்று, பாதத்தைப் பொறுத்தது. உணர்வு மங்கியும் எஞ்சியிருக்கும் பாதத்துக்குப் புடைப்பு ஒரு நினைவூட்டலாகலாம். உணர்வே அற்ற பாதத்துக்கு அதே புடைப்பு நாள் முழுதும் அறியப்படாது தேய்த்து, புண்ணையும் தொற்றையும் ஈற்றில் உறுப்பிழப்பையும் விளைக்கலாம். நீரிழிவு பரவியிருக்கும் நாடுகளில், கடையிற் கண்ட முள்ளுத் தட்டையோ முள்ளுச் செருப்பையோ நன்மையென்று நம்பி அணிபவர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். பாதத்தில் உணர்வு உண்டா என்பதை அறிய வைத்தியர் 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கின்றனர். அச்சோதனைக்குச் சில நிமிடங்களே செல்லும், வலியில்லை. இத்தகைய தட்டை நாடும் நீரிழிவு நோயாளர் முதலில் நாடவேண்டியது அதனையே.

சுளுக்குற்ற காலை உடைய மற்றையோருக்கும் வரலாறு கூறும் முறை தெளிவானது. வீக்கம் வற்றியதுடன் கால் குணமாகிவிட்டது என எண்ணலாகாது. ஒற்றைக் காலில் நிற்றல், பின் கண் மூடி நிற்றல், பின் ஆடும் தளத்தில் நிற்றல் என்று படிப்படியாகக் காலுக்கு மீண்டும் கற்பிக்கவேண்டும். தடுமாறினாற் பற்றிக்கொள்ளச் சுவரோ நாற்காலியோ அருகில் இருத்தல் அவசியம். பிறீமன் 1965இற் காட்டிய அவ்வழியே இன்றும் முதன்மையானது. புடைப்புள்ள உள்ளடித் தட்டு அதற்குத் துணையாகலாமேயன்றி, அதற்கு ஈடாகாது.

றொம்பேர்க் தம் நோயாளரைக் கண்ணை மூடச் சொன்ன நாள் தொட்டு இன்றுவரை இவ்வரலாறு ஒரே உண்மையைப் பல குரலில் கூறிவந்துள்ளது. பாதம் உடலைத் தாங்கும் தூண் மட்டுமன்று. பூமியை அறியும் பொறியும் அதுவே. தூண் பழுதுற்றால் முட்டுக் கொடுக்கலாம். பொறி பழுதுற்றால் அதனை மீண்டும் உணரப் பழக்கவேண்டும். மீண்டும் மீண்டும் மடியும் காலை உடையவன் தன் காலைப் பலமற்றதென்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. அக்கால் பலம் இழந்ததன்று. தரையுடன் பேசும் பழக்கத்தை இழந்தது. இழந்த பழக்கத்தைப் பொறுமையுடன் மீட்கலாம் என்பதே இந்நெடிய ஆராய்ச்சி மனிதனுக்கு அளிக்கும் ஆறுதலாகும்.